கண்ணாடிப் பெட்டியும் கூலாய்க் காற்றும்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், பழைய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று பிரிய மனமில்லாமல் அருகருகே செல்லும் இடத்தில் அமைந்திருக்கும் கூலாய் என்னும் ஊருக்கு, அவ்வூரார் ஒருநாளும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஒரு செல்வம் உண்டு. அது அவ்வூரின் ஈரக் காற்று. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, பகலில் கடும் உஷ்ணமும் இரவில் புழுக்கமும் மாறி மாறி வரும் அந்தச் சீதோஷ்ணத்தில், கொடியில் போட்ட துணி காய்வதில்லை என்றும், அலமாரிப் புத்தகத்தில் பூஞ்சை படர்கிறது என்றும், சமையலறை உப்பு கசிந்து நீராகிறது என்றும் குறைபட்டுக்கொள்வதுதான் அங்குள்ள குடும்பங்களின் நித்திய சம்பிரதாயம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இலண்டன் மாநகரத்துப் பிரபுக்களும் வியாபாரிகளும் இதே காற்றை ஓர் அறைக்குள் உண்டாக்குவதற்காகக் கண்ணாடி மாளிகைகளை எழுப்பி, இரவும் பகலும் நிலக்கரியை எரித்து, கொதிகலன் காப்பதற்கென்று சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி, ஏராளமான திரவியத்தைச் செலவிட்டார்கள் என்பதைக் கூலாய்க்காரர் ஒருவரிடம் சொன்னால், அவர் அதை நம்புவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும்.

அவர்கள் அவ்வளவு பிரயத்தனமும் செய்து வளர்த்த செடிகளுள், இந்த மலாய்த் தீபகற்பத்திலும் இதைச் சூழ்ந்த தீவுகளிலும் தானாக முளைக்கும் சிலவும் உண்டு. அவற்றுள் மிக விசித்திரமானது குடுவைச் செடி. மலாய்க்காரர் பெரியுக் கெரா என்றும், தாவர சாஸ்திரிகள் நெப்பந்தஸ் என்றும் வழங்கும் இச்செடியின் இலை, தன் நடுநரம்பை நுனிக்கு அப்பாலும் நீட்டி, அதைப் பற்றுக்கம்பியாகத் திரித்து, அதன் முனையில் மூடியோடு கூடிய ஒரு குடுவையைத் தொங்கவிடுகிறது. ரப்பர்ப் பால்மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தைத் தினமும் பார்த்துப் பழகிய தோட்டத்து மனிதருக்கு இந்தக் குடுவையின் தொழில் எளிதில் விளங்கிவிடும், இரண்டும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைக்கும் பாத்திரங்களே. தென் ஜொகூரின் தாழ்நிலங்களில் இதன் மூன்று இனங்கள் பிரதானமானவை. திறந்த வெளியிலும் புதர்க்காட்டின் ஓரத்திலும் மெல்லிய குடுவைகளைத் தொங்கவிடும் கிராசிலிஸ். சதுப்புக் காட்டின் நிழலில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே உருண்டைக் குடங்களைக் கூட்டங்கூட்டமாகப் பரப்பிவைக்கும் ஆம்புலேரியா. பெரிய, புள்ளியிட்ட, அழகு மிகுந்த குடுவைகளை உடைய ராஃப்ளீசியானா. இவற்றுள் ஆம்புலேரியாவின் ஸ்வபாவம் மற்றவற்றினின்றும் சற்று வேறுபட்டது. அதன் மூடி வாயை மறைக்காமல் பின்னுக்கு மடங்கி நிற்பதால் மேலிருந்து விழும் சருகுகளெல்லாம் உள்ளே சென்று மக்குகின்றன, அச்சருகுகளிலிருந்தும் அது தனக்கு வேண்டிய உணவின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்கிறது. பூச்சியைக் கொன்று தின்னும் குலத்தில் பிறந்து, பாதி சைவமாகிவிட்ட செடி என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

ஐரோப்பியர் இவ்வகைச் செடியை முதலில் கண்டது மலாயாவில் அன்று. 1658-இல் மடகாஸ்கர் தீவைப் பற்றி நூல் எழுதிய ஃப்ளகூர் என்னும் பிரெஞ்சு ஆளுநர் இதைக் குறித்து வைத்தார். அதன்பின் இலங்கையின் மழைமிகுந்த தென்மேற்குப் பகுதியில் வளரும் இனம் டச்சுக்காரரின் மூலமாக அறிஞர் உலகை அடைந்து, 1753-இல் தாவர சாஸ்திரி லின்னேயஸின் பேரேட்டில் இடம்பெற்றது. இந்தியாவில் இந்தக் குலத்தைச் சேர்ந்த ஒரே இனம் மேகாலயத்தின் காசி, கரோ மலைகளில் இருக்கிறது. நம் கதைக்கு நெருங்கிய நிகழ்ச்சி 1819-ஆம் ஆண்டில், ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்த அதே ஆண்டில் நடந்தது. அவரோடு வந்திருந்த வில்லியம் ஜாக் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு இளம் மருத்துவர், அந்தத் தீவின் காடுகளில் இந்தக் குடுவைகளைக் கண்டு வியந்து, ஊருக்குக் கடிதங்கள் எழுதினார். ராஃப்ளீசியானா, ஆம்புலேரியா என்னும் இரண்டு பெயர்களும் அவர் இட்டவையே. ஆனால் 1822-இல், வயது முப்பதைக்கூட எட்டாமல், பெங்கூலு துறைமுகத்துக்கு அருகே கப்பலில் அவர் காலமானார். 1824-இல் ராஃபிள்ஸ் சேகரித்திருந்த பொருள்களோடு ‘ஃபேம்’ என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது ஜாக்கின் உழைப்பின் பெரும்பகுதியும் சாம்பலாயிற்று. எஞ்சிய கடிதங்களைக் கொண்டு 1835-இல்தான் அவர் இட்ட பெயர்கள் அச்சேறின.

பெயர் அச்சேறினாலும் செடி உயிரோடு ஐரோப்பா போய்ச் சேர்வது அக்காலத்தில் எளிதாக இல்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் செல்லும் பாய்மரக் கப்பலின் மேல்தளத்தில், உப்புத் திவலையும் காற்றும் தாக்க, மாலுமிகளுக்கே போதாத நன்னீரைச் செடிக்கு ஊற்றுவார் யாருமின்றி, ஈரத்தில் பிறந்த செடிகள் வழியிலேயே மடிந்தன. இந்தத் தடையை நீக்கியவர் கப்பல் தலைவரும் அல்லர், தோட்டக்கலை வல்லுநரும் அல்லர். கிழக்கு இலண்டனில் வைத்தியம் பார்த்து வந்த நதானியேல் வார்டு என்பவர். நிலக்கரிப் புகையினால் தம் வீட்டுப் பெரணிச் செடிகள் எல்லாம் கருகிப்போக, மனம் சோர்ந்திருந்த அவர், 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதற்கு முன்பே அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மறுபடியும் மண்ணுக்கே இறங்குவதைக் கண்ட வார்டு, மூடிய கண்ணாடிக்குள் ஒரு செடி மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றாமலே வாழும் என்று தெளிந்தார். 1833-இல் அவர் அமைத்த இரண்டு பெட்டிகள் சிட்னி வரை சென்று, உள்ளே இருந்த பெரணிகள் பசுமை குன்றாமல் இறங்கின. திரும்பி வருகையில் அப்பெட்டிகளில் வந்த ஆஸ்திரேலியப் பெரணிகளும் உயிரோடு இலண்டனை அடைந்தன. 1842-இல் அவர் தம் ஆராய்ச்சியை நூலாகவும் வெளியிட்டார். ஆங்கிலேய அரசாங்கம் 1845-இல் கண்ணாடி மீதிருந்த வரியை நீக்கிவிடவே, செல்வர் வீட்டுக் கூடங்களில் இந்தப் பெட்டி ஓர் அலங்காரப் பொருளாகவும் அமர்ந்துவிட்டது.

பெட்டி கிடைத்தபின் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? இலண்டனில் செல்சி வட்டாரத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த வீச் குடும்பத்தார், தாமஸ் லாப் போன்ற சேகரிப்பாளர்களைச் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் அனுப்பி, குடுவைச் செடிகளைக் கொணர்ந்து, அவற்றுக்கென்றே வெப்ப அறைகள் கட்டி வளர்த்து விற்றார்கள். 1862-இல் அவர்களுடைய தோட்டக்காரர் ஜான் டொமினி என்பவர் உண்டாக்கிய முதல் கலப்பினச் செடிக்கு ராஃப்ளீசியானா ஒரு பெற்றோராக அமைந்தது. இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரான ஜோசப் ஹூக்கர், 1874-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கூடிய அறிஞர் சபையில், முட்டையின் வெள்ளைக்கருவையும் இறைச்சித் துண்டுகளையும் குடுவைக்குள் இட்டு, அவை கரைவதைத் தாம் பரிசோதித்த விவரத்தை எடுத்துரைத்தார். மறு ஆண்டிலேயே பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய டார்வினின் நூல் பிரசுரமாயிற்று. இதற்குப் பின் சுமார் இருபது ஆண்டுகள் இச்செடிக்கு இருந்த மோகத்தைச் சொல்லி முடியாது. வீச் பண்ணை 1914-இல் மூடப்பட்டதும், அதைத் தொடர்ந்த மகாயுத்தத்தில் நிலக்கரியும் ஆள்பலமும் அரிதானதும் மிஞ்சியிருந்த மோகத்துக்கும் முடிவு கட்டின. கரி கிடைக்காவிட்டால் கூலாய்க் காற்றும் கிடைக்காதல்லவா!

இந்த இடத்தில் ஹியூ லோ என்னும் மனிதரைப் பற்றிச் சற்று நின்று பேசியாக வேண்டும். இலண்டனுக்கு அருகே கிளாப்டனில் நாற்றுப்பண்ணை நடத்திய ஒரு குடும்பத்தில் பிறந்து, தகப்பனாரின் கடைக்குச் செடி சேகரிப்பதற்காக 1845-இல் சரவாக் சென்ற இவர், பின்னர் லபுவான் தீவில் உத்தியோகத்தில் அமர்ந்து, கினபாலு மலையில் ஏறி, குடுவைச் செடிகளுள் எல்லாவற்றினும் பெரிதான ராஜா என்னும் இனத்தைக் கண்டெடுத்தவர். 1858-இல் அவரோடு மலையேறிய ஸ்பென்சர் செயின்ட் ஜான், அந்தக் குடுவை ஒன்றில் ஓர் எலி மூழ்கிக் கிடந்ததைத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். குடுவைச் செடியின் சரித்திரத்தில் இவ்வளவு பெரிய இடம் பெற்ற அதே லோ, 1877-இல் பேராக் மாநிலத்தின் ஆங்கிலேய ரெசிடெண்டாக வந்து சேர்ந்தார். வந்த ஆண்டிலேயே, கோலகங்சாரில், ரப்பர் நாற்றுகளை நடுவதற்கு இடமளித்தார். அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த நாற்றுகள் வந்த வரலாறு பலர் அறிந்ததுதான். 1876-இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளைக் கியூ தோட்டத்தில் விதைத்ததில் ஏறக்குறைய 2,700 முளைத்தன. அவற்றுள் 1,919 நாற்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அந்தப் பெட்டிகள் வேறெவையும் அல்ல, பெரணியைக் காப்பாற்ற வார்டு வைத்தியர் அமைத்த அதே கண்ணாடிப் பெட்டிகள்தாம். எந்தப் பெட்டியில் மலாய்க் காட்டின் செடிகள் வெளியேறினவோ, அதே பெட்டியில் அந்தக் காட்டை அழிக்கப்போகும் மரமும் உள்ளே வந்தது. சரித்திரத்தில் இப்படிப்பட்ட கணக்குத் தீர்ப்புகள் அபூர்வம்.

சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் 1888 முதல் தலைமை வகித்த ரிட்லியின் வாழ்க்கையிலும் இந்த முரண் தெரிகிறது. மரத்துக்குக் கேடில்லாமல் நாள்தோறும் பால் வெட்டும் முறையைக் கண்டு, தோட்டத் துரைமார்களைக் காணுந்தோறும் ரப்பர் விதைகளைக் கையில் திணித்து, பைத்தியக்கார ரிட்லி என்று பெயரெடுத்தவர் அவர். தீபகற்பத்தின் தாவரங்களை ஐந்து பெருந்தொகுதிகளில், 1922 முதல் 1925 வரை, வரிசைப்படுத்தி எழுதியவரும் அவரே. காட்டில் எவை எவை இருந்தன என்று எழுதி வைத்த கையும், அதை வெட்டுங்கள் என்று தூண்டிய கையும் ஒன்றாக இருந்ததை அவர் தாமே எப்போதாவது யோசித்தாரோ என்னவோ. நூறு வயதைத் தாண்டி 1956 வரை வாழ்ந்தார், யோசிக்க அவகாசம் இருந்தது.

கூலாய் வட்டாரத்தில் காட்டழிவு ரப்பரோடு தொடங்கவில்லை என்பதையும் நியாயத்தின் பொருட்டுச் சொல்ல வேண்டும். ஜொகூர் ஆட்சியாளர்கள் ஆற்றுப் படுகைகளைச் சீனத் தலைவர்களுக்குச் சாசனம் செய்துகொடுத்து, மிளகும், தோல் பதனிட உதவும் காம்பீரும் பயிரிடச் செய்த கங்சூ முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கோலோச்சியது. தென்மேற்கே உள்ள கங்கார் பூலாய் என்னும் ஊர்ப் பெயரிலுள்ள ‘கங்கார்’ அதன் மிச்சம். காம்பீர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு ஏராளமாக வேண்டியிருந்ததால், பயிருக்காக வெட்டிய காடு ஒரு பங்கென்றால் அடுப்புக்காக வெட்டிய காடு மற்றொரு பங்காயிற்று. மண் சாரமிழந்ததும் அவர்கள் லாலான் புல்லுக்கு அதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். அம்முறை 1917-இல் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, 1909-இல், ஜொகூர் வழியாக ரயில் பாதை முடிந்து, கூலாய் ஒரு நிலையமாகி, பாதையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன.

அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலமாகத் தமிழர்கள் வந்தார்கள். பெருமரங்களைச் சாய்த்தவர்கள் பெரும்பாலும் சீன, ஜாவானிய ஒப்பந்தத் தொழிலாளர்களே. எரித்துக் கரியாக்கிய நிலத்தில் களையெடுத்து, கன்று நட்டு, பின் பால் வெட்டும் பொறுப்பு நம்மவரைச் சேர்ந்தது. புல்பூண்டு ஒன்றும் தலைகாட்டாமல் நிலத்தைத் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்தின் இலட்சணம் என்று துரைமார் எண்ணிய காலம் அது. அப்படித் துடைத்த சரிவுகளின் மேல்மண்ணெல்லாம் மழையில் கரைந்து ஓடியதைக் கண்டபின்புதான் அக்கொள்கை தளர்ந்தது. அன்று துடைத்தெறிந்த களைகளுள் குடுவைச் செடியும் ஒன்று. செல்சியில் பவுன் கொடுத்து வாங்கிய செடியை, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்து, ரப்பர் நிரைகளான தீம்பாருக்குள் இறங்கிய பெண்பிள்ளை ஒருத்தி, நாட்கூலிக்குச் சில காசுகள் வாங்கிக்கொண்டு, வேரோடு வெட்டிக் குப்பையில் எறிந்திருப்பாள். அவளுக்கு அதன் விலை தெரியாது. துரைக்குத் தெரிந்திருந்தாலும் அவருக்கு அது களைதான். மழை பெய்த காலையில் மரம் நனைந்து வெட்டு நின்றுபோனால் அவள் வீட்டு வருமானம் குறைந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால், ஈரக் காற்றைச் செல்வமென்று நான் மேலே எழுதியது அவள் காதுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காடு முழுவதும் போகாமல் நின்றதற்குக் காரணம் தாகம். சிங்கப்பூர் நகரத்துக்குக் குடிநீர் வேண்டி, 1927-இல் ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராட்சியாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கூலாய்க்கு அண்மையில் 654 மீட்டர் உயர்ந்து நிற்கும் பூலாய் மலையின் நீர் குழாய் வழியே தெற்கே சென்றது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் வெட்டினால் நீர்த்தேக்கம் சேறாகிவிடும் என்பதால் அந்தச் சரிவுகளைத் தோட்டக்காரர் நெருங்க முடியவில்லை. 1961-இல் செய்துகொண்ட மறு உடன்படிக்கை 2011 ஆகஸ்டில் முடிவுற்று, அந்த நீர்நிலையங்கள் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. செடியின் மீது அபிமானம் கொண்டவர்கள் காப்பாற்றியதைவிடக் குழாய் நீருக்குக் கவலைப்பட்டவர்கள் காப்பாற்றியது அதிகம் என்பது என் எண்ணம்.

காடாக இருந்த ஊர் தோட்டமாகி, தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, பின்னர் துண்டு துண்டாக மனைகளாகி, தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வரிசை வீடுகளில் குடியேறிய பின்னரே, குடுவைச் செடி தொட்டியில் ஏறிக் கூலாய் வாசற்படிக்கு வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு ஜனங்கள் வீடுகளில் அடைபட்டபோது மலேசியா முழுவதும் தொட்டிச்செடி மோகம் பரவியது. வண்ணச் சேம்பு வகைகளுக்கு அடுத்தபடி இதற்கும் சிறிது பங்கு கிடைத்தது. அப்போது நிகழ்ந்த ஒரு வேடிக்கையை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாசலில் வைத்தால் தானே வளரும் செடியை, அழகுக்காகக் குளிர்சாதனம் ஓடும் கூடத்துக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். அந்த இயந்திரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட, சில வாரங்களில் பற்றுக்கம்பியின் நுனி கருகி, புதுக் குடுவை பிடிக்காமல் போகும். உடனே அதைக் காப்பாற்ற ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி உள்ளே வைத்து மூடுவார்கள். வார்டு வைத்தியரின் பெட்டி இப்படியாகக் கூலாய்க்கே குடிவந்துவிட்டது.

ஈரம் இல்லாவிட்டால் குடுவை ஏன் பிடிப்பதில்லை என்பதற்கும், பிடித்த குடுவை ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. குருத்துப் பருவத்தில் மென்மையாக இருக்கும் அந்த முனை வறண்ட காற்றில் விரிவதற்கு முன்பே காய்ந்துவிடும். விரிந்தாலும், குடுவையின் வாய் விளிம்பு நனைந்து ஒரு மெல்லிய நீர்ப்படலம் படிந்திருக்கும்போதுதான் எறும்பின் கால் வழுக்குமேயன்றி, காய்ந்த விளிம்பில் அது தாராளமாக நடந்து தேனை உண்டுவிட்டுத் திரும்பிவிடும். வேர்களோ கறுத்து, மெலிந்து, எண்ணிக்கையிலும் குறைந்தவை. சத்தற்ற மண்ணில் வாழப் பழகியவை. ஆகையால் உரம் இடுவது அதற்கு உபகாரம் அன்று, வேர் கருகும். இறைச்சித் துண்டைக் குடுவையில் போடுவதும் ஹூக்கருக்குத்தான் பொருந்தும். வீட்டில் போட்டால் அழுகி நாறும். தேங்காய் மட்டைத் துண்டுகளை உப்புப் போகப் பலமுறை அலசி, அவற்றோடு மரக்கரியும் பாசியும் கலந்து, மழைநீரைப் பிடித்து ஊற்றி, உச்சி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால், கிராசிலிஸும் ராஃப்ளீசியானாவும் கூலாயில் வேறு போஷணை கேட்பதில்லை. குடுவையில் தானாகச் சேர்ந்திருக்கும் நீரைக் கவிழ்த்துவிடாமல் இருப்பதும் முக்கியம். செரிக்கும் திரவம் அதில்தான் இருக்கிறது. ஆசைப்பட்டு ராஜாவை வாங்குவோர் மட்டும் ஏமாறுவர். கடல்மட்டத்துக்கு மேல் 1500 மீட்டருக்கும் அதிக உயரத்தில், குளிர்ந்த இரவுகளில் வாழ்வது அது. கூலாய் இரவின் புழுக்கம் அதற்கு ஆகாது. இலண்டனில் அனல் மூட்டி அதைக் கொன்றார்கள். இங்கே அனல் இலவசம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேக்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டில்தான் முட்டையிடும். கொசு பெருகும் இடம் வைத்திருப்போருக்கு 1975-ஆம் ஆண்டின் சட்டம் அபராதம் விதிக்கிறது, சுகாதார அதிகாரி உங்கள் தாவர அபிமானத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். தட்டுநீரை அடிக்கடி கொட்டிவிடுவதே உத்தமம். செடிக்கு வேண்டியது காற்றின் ஈரமே ஒழிய, வேர் மூழ்கிக் கிடக்கும் நீர் அன்று.

வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். 1987 முதல் இந்தக் குலம் முழுவதும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ராஜாவும் மேகாலயத்து இனமும் அதில் மிகக் கடுமையான முதல் அட்டவணையைச் சேர்ந்தவை. ஆயினும் புதர்க்காட்டில் பிடுங்கி வந்து சாலையோரத்தில் விற்பது நின்றபாடில்லை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறாக வளரும் இதற்கு விதை பிடிக்க வேண்டுமானால் இரண்டும் அருகருகே பூத்திருக்க வேண்டும். ஆண் செடிகளைப் பிடுங்கிப் போனால் மிஞ்சிய பெண் செடி பூத்தும் விதையற்று நிற்கும். நாற்றுப்பண்ணையில் தண்டு வெட்டி வளர்த்த செடி சிறியதாக, இலைகள் ஒரே சீராக, தொட்டி முழுதும் வேர் பிடித்து இருக்கும். காட்டில் பிடுங்கியதோ நீண்டு முற்றிய தண்டும் பூச்சி அரித்த பழைய இலையும் கொண்டு, தொட்டியை இலேசாக அசைத்தாலே ஆட்டம் காணும். விலை குறைவு என்று அதை வாங்கிப் போகிறவர் வீட்டில், வேர் அறுந்த அந்தச் செடி பெரும்பாலும் இரண்டாவது மாதத்தைக் காண்பதில்லை.